மொய்ப்பணத்துல வாங்குன ரேடியம்

இந்த தபா வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஒரே மேட்டர்தான், அதுக்கு காரணம் நானேதான். ரெண்டு இதழுக்கு முன்னாடி ஒரு பதில்ல போற போக்குல சொல்லி வெச்சேன், ஃபின்லாந்துல யூவாஸ்குலான்னு ஒரு சின்ன ஊரு, அங்க இருக்கற யுனிவர்சிட்டில 2025ல புரோட்டான் கக்குற அணுக்கருவுலயே ரொம்ப கனமானத கண்டுபுடிச்சாங்கன்னு. அவ்ளோதான், ராயபுரத்துல இருந்து திருவொற்றியூர் வரைக்கும் கேள்வி மேல கேள்வி. புதுசா படிக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், நான் ப்ரொஃபசர்லாம் கெடையாது, வடசென்னைல ஒரு காலேஜ் பிசிக்ஸ் லேப்ல 31 வருஷம் லேப் அசிஸ்டன்ட்டா இருந்து ரிட்டையர் ஆனவன். மீட்டர தட்டி தட்டி ஓட வெச்ச கை. அந்த கண்ணுலதான் எல்லாத்தையும் பாப்பேன்.

அண்ணா, என் பொண்ணு எம்.எஸ்சி பிசிக்ஸ் முடிச்சிட்டா. நீங்க எழுதுன அதே ஊர்ல நியூக்ளியர் பிசிக்ஸ்ல டாக்டர் பட்டத்துக்கு எடம் கெடைக்கும்போல இருக்கு. அக்கம்பக்கத்துல அணுவா, குண்டு பண்ற எடமான்னு கேக்கறாங்க, அவ அப்பாவுக்கு ராத்திரி தூக்கம் இல்ல. செலவு யாரு பாக்கறது? — ஒரு அம்மா, வியாசர்பாடி

தங்கச்சி, மொதல்ல குண்டு மேட்டர முடிச்சிடுவோம். அந்த லேப்ல இருக்கறது ரியாக்டர் இல்ல, சைக்ளோட்ரான். ரியாக்டர்ல ஒரு அணுக்கரு ஒடஞ்சு இன்னொண்ண ஒடச்சு சங்கிலியா ஓடும். இங்க அதெல்லாம் இல்ல, பெரிய காந்தத்துக்கு நடுவுல அயனிய, அதாவது எலக்ட்ரான் உரிச்ச அணுவ, சுத்த விட்டு சுத்த விட்டு வேகம் ஏத்தி ஒரு மெல்லிசு தகடு மேல அடிக்கறாங்க, கரன்ட நிறுத்துனா பீம், அதாவது அந்த அயனி ஓட்டம், நின்னுடும், மாவு மிஷின் நின்னா மாவு நிக்கற மாதிரி. அடி வாங்குன தகடும் பக்கத்துல இருக்கற சாமானும் அதுக்கப்புறமும் கொஞ்சம் கதிர்வீச்சோட இருக்கும்தான், அத மறைக்க மாட்டேன். அதுக்குத்தான் தடி தடியா கான்கிரீட் சுவரு, பீம் ஓடறப்ப யாரும் உள்ள போக முடியாத மாதிரி கதவுல இன்டர்லாக், சட்டைல குத்திக்கற, கதிர்வீச்ச அளக்கற டோசிமீட்டரு. மொட்ட மாடில காயப்போட்ட துணில சாம்பல் படியற ஏரியால பொண்ண வளத்து ஆளாக்கிட்டீங்க, அந்த லேப பாத்தா பயப்படறீங்க? அவ அப்பாகிட்ட இத படிச்சு காட்டுங்க.

இப்ப காசு. ஃபின்லாந்துல டாக்டர் பட்ட படிப்புக்கு ஃபீஸ் கெடையாது, எந்த நாட்டு புள்ளையா இருந்தாலும். கீழ இருக்கற பி.எஸ்சி, எம்.எஸ்சி படிப்புக்குத்தான், அதுவும் இங்கிலீஷ்ல நடத்தறதுக்கு, ஐரோப்பாவுக்கு வெளில இருந்து வர்றவங்க 2017ல இருந்து ஃபீஸ் கட்டணும். ஆனா ஒண்ணு நல்லா கேட்டுக்கங்க, ஃபீஸ் இல்லங்கறது வேற, சம்பளம் உண்டுங்கறது வேற. இதுல ஏமாந்தவங்க இருக்காங்க. அட்மிஷன்னு ஒரு லெட்டர் வரும், அது படிக்கற உரிமை, அவ்ளோதான், அத வெச்சு அங்க ஒரு டீ கூட குடிக்க முடியாது. வேலை ஒப்பந்தம்னு இன்னொண்ணு தனியா வரணும், அதுல மாச சம்பளம் எவ்ளோ, எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும்னு போட்டிருக்கும். அது இருந்தா உங்க பொண்ணு அங்க ஸ்டூடன்ட் மட்டும் இல்ல, சம்பளம் வாங்கற ஸ்டாஃப். சாதாரணமா நாலு வருஷத்துல முடிக்கற படிப்பு, ஆனா ஒப்பந்தம் சில சமயம் கம்மி வருஷத்துக்கு போட்டு அப்புறம் நீட்டுவாங்க, அதனால "சம்பளம் எந்த ப்ராஜக்ட்ல இருந்து வருது, அந்த ப்ராஜக்ட் எப்ப முடியுது"ன்னு மெயில் போட்டு கேக்க சொல்லுங்க. கேட்டா தப்பா நெனப்பாங்களோன்னு கூச்சப்பட வேணாம், அங்க அது சகஜமான கேள்வி. அப்புறம் நடுவுல எவனாவது ஏஜென்ட்டு கன்சல்டன்ட்டுன்னு வந்தா வாசல்லயே அனுப்பிடுங்க.

அந்த புது அணுக்கருவ எப்படி செஞ்சாங்க? இன்டர்நெட்ல படிச்சா தல சுத்துது. — பிளஸ் டூ மாணவன், திருவொற்றியூர்

தம்பி, அதுல இருக்கறது ஒரு கூட்டல் கணக்கு, உன் தங்கச்சி கூட போடுவா. தீபாவளிக்கு செவப்பு மத்தாப்பு கொளுத்தறோம்ல, அந்த செவப்பு ஸ்ட்ரான்ஷியம் உப்பு குடுக்கற கலரு. ஸ்ட்ரான்ஷியத்துக்கு புரோட்டான் 38. சவுக்கார்பேட்டைல ஸ்வீட் மேல வெள்ளி இழை ஒட்டி தருவான், ஊதுனா பறக்கும். வெள்ளிக்கு புரோட்டான் 47. ரெண்டையும் கூட்டு, 85 வருதா, 85 புரோட்டான் இருந்தா அது அஸ்டடைன். இப்ப எடை எண்ண பாரு, அதாவது புரோட்டானும் நியூட்ரானும் சேந்த எண்ணிக்க, அவங்க அடிச்சது ஸ்ட்ரான்ஷியம் 84, அடி வாங்குனது வெள்ளி 107, கூட்டுனா 191. ரெண்டும் ஒட்டுன சூட்டுல மூணு நியூட்ரான் ஆவி மாதிரி பறந்துடும், மிச்சம் 188. அதான் அஸ்டடைன் 188. அதுல நியூட்ரான் 103, புரோட்டான் 85, புரோட்டான் ரொம்ப அதிகம், தாங்காது, ஒரு மில்லி செகண்ட்ல சுமாரு அஞ்சுல ஒரு பங்கு நேரத்துல புரோட்டான வெளிய துப்பிடும். அதுக்கு முன்னாடி இந்த ரெக்கார்டு பிஸ்மத் 185கிட்ட இருந்துச்சு, அது 1996ல கண்டுபுடிச்சது, கிட்டத்தட்ட முப்பது வருஷம் யாராலயும் அசைக்க முடியல.

பேப்பர்ல கூட்டறது ஈஸி, கைல செய்யறதுதான் கஷ்டம். இயற்கைல கெடைக்கற ஸ்ட்ரான்ஷியத்துல 84ங்கற ரகம் நூத்துக்கு முக்காலே இல்ல, 0.56தான், அதாவது சுமாரா 180 அணு எடுத்தா அதுல ஒண்ணு. அத பிரிச்சு எடுத்து விக்கறவன் தங்க வெல சொல்லுவான். அத அயனி மூலத்துல போட்டு எலக்ட்ரான உரிச்சு சைக்ளோட்ரானுக்குள்ள விடணும். வெள்ளி தகட்டுல அடிச்ச அயனில முக்காவாசி ஒண்ணும் ஆவாம அந்தாண்ட போயிடும், எப்பயாவது ஒண்ணுதான் ஒட்டும். அந்த ஒண்ணுரெண்ட கூட்டத்துல இருந்து பொறுக்கி எடுக்கறதுக்கு ரிட்டுன்னு ஒரு மிஷின் வெச்சிருக்காங்க, உள்ள கொஞ்சமா ஹீலியம் வாயு நெரப்புன காந்தப் பாதை, கொழம்புல இருந்து கருவேப்பிலைய கரண்டில ஓரங்கட்டற மாதிரி பீம ஒரு பக்கம் தள்ளி புதுசா பொறந்தத இன்னொரு பக்கம் டிடெக்டருக்கு அனுப்பும். இத்தனையும் டாக்டர் பட்டத்துக்கு படிச்சிட்டிருந்த ஒருத்தங்க முன்ன நின்னு பண்ண வேல. மேல கேள்வி கேட்ட வியாசர்பாடி அம்மா இதையும் படிப்பாங்கன்னு நெனைக்கறேன்.

பீம் டைம் பீம் டைம்னு சொல்றாங்களே, அத காசு குடுத்து வாங்கணுமா சார்? — எம்.எஸ்சி மாணவி, பெரம்பூர்

பீம் டைம்னா உன் ஆராய்ச்சிக்குன்னு அந்த மிஷின் ஓடற நேரம்மா, கல்யாண மண்டபம் புக் பண்றதும் தண்ணி லாரிக்கு காத்திருக்கறதும் கலந்தது. மண்டபம் எப்டின்னா, இன்ன ஆராய்ச்சி, இத்தன நாளு வேணும்னு எழுதி அனுப்பணும், வெளியாளுங்க இருக்கற ஒரு கமிட்டி வருஷத்துக்கு ரெண்டு தபா உக்காந்து எந்த விண்ணப்பம் தேறும்னு பாப்பாங்க, தேறுனா நாள் குடுப்பாங்க. வாடக கெடையாது, ரிசல்ட்ட பேப்பரா எல்லாருக்கும் போடற ஆராய்ச்சிக்கு பீம் ஃப்ரீ. அந்த பெரிய சைக்ளோட்ரான் வருஷத்துக்கு 6000 மணி நேரத்துக்கு மேல ஓடுது, ஒரு வருஷத்துக்கே 8760 மணி நேரம்தான், அப்ப ராத்திரி பகல், சனி ஞாயிறு எல்லாம் கணக்குல வந்துடுதா இல்லியா.

தண்ணி லாரி எப்டின்னா, நம்ம தெருல லாரி ராத்திரி ஒன்றரைக்கு வந்தாலும் கொடத்தோட நிக்கணும்ல, அதே கததான். ஜெர்மேனியம் டிடெக்டர்ல திரவ நைட்ரஜன் தீந்துடக் கூடாது, அது மைனஸ் 196 டிகிரி, தீந்தா டிடெக்டர் சூடாயிடும், அந்த வாரம் அம்பேல். யாராவது ஒருத்தர் எட்டு மணி நேர ஷிஃப்ட்ல ஸ்க்ரீன பாத்துட்டே உக்காந்திருக்கணும். இந்த வேலைக்கு கெட்டிக்காரத்தனத்த விட முழிச்சிருக்கற கண்ணு முக்கியம், இத நான் எங்க காலேஜ் புள்ளைங்ககிட்ட சொன்னா சிரிப்பாங்க.

ஊர்ல கவர்மென்ட் ஆஸ்பத்திரில பெட்டு இல்லாம தரைல படுக்க வெக்கறான், அவன் அவன் அணுவ ஒடைக்க கோடி கோடியா கொட்றான். இதெல்லாம் தேவையா தல? — காசிமேடு வாசகர்

கோவம் நியாயமான கோவம், அதுக்கு நான் எதுத்து பேச மாட்டேன். ஆனா ரெண்டையும் ஒரே தராசுல வெக்கறதுக்கு முன்னாடி ஒரு கத கேளுங்க. ஸ்வீடன்ல உப்சாலா யுனிவர்சிட்டில ஸ்வெட்பெரின்னு ஒரு விஞ்ஞானி, 1926ல கெமிஸ்ட்ரி நோபல் வாங்குனவர், அவருக்கு சைக்ளோட்ரான் கட்டணும்னு ஆச. கோத்தன்பர்க்ல குஸ்டாஃப் வெர்னர்னு ஒரு தொழிலதிபர் பணம் குடுத்தாரு, அவர் பேர்லயே இன்ஸ்டிட்யூட்டு, 1949ல மிஷின் தொறந்தாங்க. அணுக்கரு ஆராய்ச்சிக்குன்னு கட்டுன அதே மிஷின்ல 1957ல ஒரு கேன்சர் நோயாளிக்கு புரோட்டான் கதிர் குடுத்தாங்க, ஐரோப்பாலயே அதுதான் மொத தபா. நம்ம சென்னைல தரமணி பக்கம் 2019ல புரோட்டான் சிகிச்சை சென்டர் தொறந்தான்ல, தெற்காசியாவுலயே மொதல்னு பேப்பர்ல வந்துச்சே, அந்த வழியோட ஆரம்பம் இங்கெல்லாம்தான். கேன்சர் எங்க இருக்குன்னு பாக்க பெட் (PET) ஸ்கேன் எடுக்க ஊசி போடறாங்களே, அந்த ஃப்ளோரின் 18ம் சைக்ளோட்ரான்ல செய்யறதுதான், 110 நிமிஷத்துல பாதி காணாம போயிடும், மருந்த ஏத்திட்டு வர்ற வண்டி பேசின் பிரிட்ஜ் டிராஃபிக்ல மாட்டிச்சுன்னா ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்றது பாதி மருந்துதான்.

ஆனா இத ஒரு வக்கீல் வாதம் மாதிரி நான் சொல்லல. அஸ்டடைன் 188 நாளைக்கு எந்த ஆஸ்பத்திரிக்கும் வராது, வரும்னு எவனாச்சும் சொன்னா அவன் ப்ராஜக்ட்டுக்கு பணம் கேக்கறான்னு அர்த்தம். ஒரு அணுக்கரு எவ்ளோ புரோட்டான தாங்கும்னு தெரிஞ்சிக்கணும், அதுக்காக பண்றாங்க. கடல்ல இறங்கறவருக்கு நான் இத சொல்லித் தரணுமா, எல்லா நாளும் வலைல வஞ்சிரமே வருதா என்ன.

பீர் கம்பெனி காசுல அணு ஆராய்ச்சி நடந்துச்சுன்னு என் ஃப்ரெண்டு அடிச்சு சொல்றான். சரக்கு அடிச்சிட்டு சொல்றானா? — தண்டையார்பேட்டை

உங்க ஃப்ரெண்டு தெளிவாத்தான் இருக்காரு. டென்மார்க்ல கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனிய ஆரம்பிச்ச யாகோப்சன்ங்கறவர் 1876ல ஒரு அறக்கட்டளை வெச்சாரு, விஞ்ஞானத்துக்குன்னு. பின்னால கம்பெனியவே அதுக்கு எழுதி வெச்சிட்டாரு. அதாவது பீர் வித்த லாபம் அறக்கட்டளைக்கு, அறக்கட்டளை ஆராய்ச்சிக்கு. கோபன்ஹேகன் யுனிவர்சிட்டில நீல்ஸ் போர்ங்கற அணு விஞ்ஞானி 1921ல தொறந்த இன்ஸ்டிட்யூட்டுக்கு அந்த பணம் பல வருஷம் கை குடுத்துச்சு. 1932ல இருந்து நீல்ஸ் போர் குடும்பத்தோட இருந்ததே கார்ல்ஸ்பெர்க் வளாகத்துல இருந்த கவுரவ வீட்லதான். வீட்டுக்கு நேரா பைப்ல பீர் வந்துச்சுன்னு ஒரு கத ஓடும், அத கதையாவே வெச்சுக்கலாம்.

எனக்கு இத விட புடிச்சது ரேடியம் மேட்டர். 1935ல நீல்ஸ் போருக்கு 50 வயசு ஆவுது. கூட வேல பாத்த ஹெவிஷிங்கற விஞ்ஞானி ஊரெல்லாம் சொல்லி வசூல் பண்ணி, மொய் மாதிரிதான், ஒரு லட்சம் குரோனர் தேத்தி பொறந்தநாள் பரிசா ரேடியம் வாங்கி குடுத்தாரு, 0.6 கிராம். அரிசி ஆழாக்குல அடிக்கு கூட காணாது. ஆனா அந்த ரேடியத்த பெரிலியத்தோட கலந்தா நியூட்ரான் வரும், இன்ஸ்டிட்யூட்டுக்கு ஒரு நியூட்ரான் ஊத்து கெடச்ச மாதிரி. தங்க மோதிரம் போடாம ஆராய்ச்சிக்கு வேண்டியத வாங்கி குடுத்திருக்காங்க பாருங்க. இங்க 60ம் கல்யாணத்துக்கு எவர்சில்வர் தட்டு குடுத்தே பழகுனவங்க நாம.

இன்னொண்ணு, நம்மூர் பையன் ஒருத்தர் அந்த இன்ஸ்டிட்யூட்ல இருந்திருக்காரு. பிரசிடென்சி காலேஜ்ல படிச்ச சந்திரசேகர், கவர்மென்ட் ஸ்காலர்ஷிப்ல 1930ல கேம்பிரிட்ஜ் கப்பல் ஏறுனாரு, டாக்டர் பட்டத்துக்கு முந்துன கடைசி வருஷத்த, 1932, 33ல, கோபன்ஹேகன்லதான் கழிச்சாரு. 1983ல பிசிக்ஸ் நோபல். அந்த ஸ்காலர்ஷிப்பும் மக்கள் வரிப்பணந்தான், காசிமேட்டு அண்ணன் கவனிக்கணும்.

சரி, அந்த சின்ன ஊருக்கு பணம் எங்க இருந்துதான் வருது? கணக்கா சொல்லுங்க, நான் ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன். — கொருக்குப்பேட்டை

கணக்கு கேக்கற ஆளு ஒருத்தராவது கெடச்சீங்களே. யூவாஸ்குலா மொத்த ஜனத்தொகை சுமாரு ஒன்றரை லட்சம், நம்ம ஆர்.கே. நகர் ஓட்டர் லிஸ்ட் அத விட பெருசு. ஃபின்லாந்து மொத்தமே 56 லட்சம் பேரு. அப்ப அடிப்படை பணம் கல்வி அமைச்சகத்துல இருந்து வருது, எப்டின்னா ஒரு அண்டால மொத்த பணம் இருக்கு, எல்லா யுனிவர்சிட்டிக்கும் அது ஒரு சூத்திரப்படி பிரியுது. 2021ல வந்த சூத்திரத்துல 42 சதவீதம் படிப்புக்கு, அதாவது எத்தன பேர் டிகிரி முடிச்சான்ற மாதிரி கணக்கு. 34 சதவீதம் ஆராய்ச்சிக்கு. மிச்சம் 24 அரசாங்கத்தோட கொள்கை, யுனிவர்சிட்டியோட திட்டம் அதுக்குன்னு. அந்த 34ஐ பிரிச்சா ஆராய்ச்சி பேப்பருக்கு 14, போட்டில ஜெயிச்ச ஆராய்ச்சி பணத்துக்கு 12, டாக்டர் பட்டம் முடிச்சவங்களுக்கு 8. அதாவது வியாசர்பாடி பொண்ணு அங்க போய் பட்டம் வாங்குச்சுன்னா யுனிவர்சிட்டியோட கணக்குல அதுக்கும் ஒரு பைசா ஏறும், அவங்க நமக்கு தர்மம் பண்ணல.

இதுல எனக்கு புடிச்சது, ஒரே வருஷத்த பாத்து காச வெட்ட மாட்டாங்க, மூணு வருஷ சராசரி எடுக்கறாங்க. ஒரு வருஷம் மிஷின் ரிப்பேரு, பேப்பர் கம்மின்னா உடனே தலைல கை வெக்க வேணாம். புடிக்காதது, பேப்பர எண்ணி காசு குடுக்கறது. வெளியீட்டுக்கு 0, 1, 2, 3ன்னு தரம் போட்டு வெச்சிருக்காங்க, வெறும் எண்ணிக்க இல்லதான், ஆனாலும் நாலு வருஷம் குனிஞ்சு ஒரு டிடெக்டர் கட்டறவனுக்கு அந்த நாலு வருஷமும் கணக்குல சைபர்தானே. அண்டா வேற ஒண்ணுதான், எல்லா யுனிவர்சிட்டியும் ஓடி ஓடி பேப்பர் போட்டா எல்லாருக்கும் பழைய பங்குதான் வரும், மூச்சு வாங்கறதுதான் மிச்சம்.

அதுக்கு மேல ப்ராஜக்ட் பணம். ஃபின்லாந்து ஆராய்ச்சி கவுன்சில்னு ஒண்ணு இருக்கு, 2023 வரைக்கும் அகாடமி ஆஃப் ஃபின்லாந்துன்னு பேரு. விண்ணப்பம் போட்டா நெறைய பேருக்கு இல்லன்னுதான் பதில் வரும். வந்தாலும் வழக்கமா ஆவற செலவுல 70 சதவீதம் அவங்க, மிச்சம் யுனிவர்சிட்டி கையில இருந்து போடணும். நிறைய ஜெயிச்சா சந்தோஷம்னு நெனப்பீங்க, ஒவ்வொரு ஜெயிப்புக்கும் கைக்காசு வேற எறங்குதே, ஆடிட்டருக்கு புரியும்.

அப்புறம்தான் கில்லாடித்தனம். அந்த லேப்ல ராடெஃப்னு ஒரு பிரிவு, 2005ல இருந்து ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தோட அங்கீகாரம் வாங்குன சோதனை எடம். விண்வெளில காஸ்மிக் கதிர் ஒண்ணு வந்து சாட்டிலைட்ல இருக்கற சிப்புல அடிச்சா, உள்ள 0 இருந்தது 1 ஆயிடும். ஒரே ஒரு பிட்டு மாறுனாலும் கோடிக்கணக்கான ரூபா சாமான் தல கீழ திரும்பலாம். அதனால அனுப்பறதுக்கு முன்னாடி கீழயே சிப்ப பீம்ல வெச்சு அடிச்சு பாப்பாங்க. நைட்ரஜன், இரும்பு, கிரிப்டான், செனான்னு பல அயனிய ஒரே கலவையா தயாரிச்சு வெச்சிருக்காங்க, அதுக்கு பேரே காக்டெயில்தான், ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு சட்டுன்னு மாத்தலாம். இதுக்கு கம்பெனிகாரங்க மணிக்கணக்குல காசு குடுக்கறாங்க. ஆட்டோக்காரர் காலைல ஸ்கூல் ட்ரிப் அடிச்சு டீசல் காச எடுத்துட்டு மிச்ச நேரத்துல சவாரி ஓட்டுற மாதிரி. ஆனா ஸ்கூல் ட்ரிப்பே நாள் பூரா ஆயிடுச்சுன்னா வண்டி வாங்குன நோக்கமே போயிடும், அந்த அளவு பாத்து ஓட்டணும்.

நாட்டு அளவுல, ஃபின்லாந்து வருமானத்துல சுமாரு 3 சதவீதம் ஆராய்ச்சிக்கு போவுது, 2030க்குள்ள 4 ஆக்கணும்னு குறி வெச்சு, அதுல அரசாங்க பங்குக்கு சட்டமே போட்டுட்டாங்க. நம்ம நாட்டுல 2020-21 கணக்குப்படி 0.64 சதவீதம்.

ரஷ்யாக்காரன் கடனுக்கு பதிலா மிஷின் குடுத்தான்னு கேள்விப்பட்டேன், நெஜமா? — ஓட்டேரி

நெஜம். சோவியத் யூனியன் ஃபின்லாந்துக்கு பாக்கி வெச்சிட்டு ஒடஞ்சு போச்சு, அந்த பாக்கி ரஷ்யா தலைல விழுந்துச்சு, அவங்க கொஞ்சத்த சாமானா அடைச்சாங்க. அதுல ஒண்ணு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல செஞ்ச 30 எம்.இ.வி. சைக்ளோட்ரான் (எம்.இ.வி.ங்கறது சக்திய அளக்கற அலகு), 2009ல யூவாஸ்குலா வந்து சேந்துச்சு. நம்ம ஆளு கைமாத்து வாங்குனவன்கிட்ட இருந்து சைக்கிள தூக்கிட்டு வருவான், அவங்க சைக்ளோட்ரான்.

இதெல்லாம் நம்ம ஊர்ல ஏன் இல்ல? நமக்கு மூளை இல்லியா, பணம் இல்லியா? — கொடுங்கையூர்

இல்லன்னு யாரு சொன்னா. யூவாஸ்குலால இருக்கற பெரிய சைக்ளோட்ரான் கே 130ங்கற ரகம், எவ்ளோ சக்தி ஏத்தும்னு சொல்ற நம்பர் அது, 1990கள் தொடக்கத்துல ஓட ஆரம்பிச்சது. கொல்கத்தா சால்ட் லேக்ல நம்ம அணுசக்தி துறையோட சைக்ளோட்ரான் சென்டர்ல இருக்கறதும் கே 130தான், அது 1977லயே பீம் குடுத்துச்சு, நாமளே கட்டுனது. டெல்லில யுனிவர்சிட்டி புள்ளைங்களுக்குன்னே தனியா பெல்லட்ரான்னு அயனிக்கு வேகம் ஏத்தற ஆக்ஸிலரேட்டர் இருக்கு, அடுக்குமாடி உசரத்துக்கு நிக்கும், 1990கள்ல இருந்து எந்த ஊர் காலேஜ்ல இருந்தும் விண்ணப்பம் போட்டு போறாங்க. கிண்டில மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்கு நியூக்ளியர் பிசிக்ஸ்னே தனி டிபார்ட்மென்ட் இருக்கு. பெரிய மிஷினும் இருக்கு, மூளையும் இருக்கு. அப்ப எங்க இடிக்குதுன்னு கேட்டா, நான் பாத்தத சொல்றேன்.

எங்க லேப்ல கதிர்வீச்ச எண்ணற ஒரு ஜி.எம். கவுன்ட்டர் இருந்துச்சு. வோல்ட்டேஜ ஏத்திட்டே போனா ஒரு எடத்துல எண்ணிக்க ஏறாம மேசை மாதிரி நிக்கும், பிளாட்டோன்னு சொல்லுவோம், அந்த கிராஃப் போடறதுதான் புள்ளைங்களுக்கு நியூக்ளியர் பிசிக்ஸ்ல மொத எக்ஸ்பெரிமென்ட்டு. ஒரு நாளு டியூப் போயிடுச்சு. பெரிய காசு இல்ல அது, ஒரு நல்ல செல்போன விட கம்மி. ஆனா மூணு கொட்டேஷன் வேணும், மூணாவது கொட்டேஷன் வர்றதுக்குள்ள மொத கொட்டேஷன் காலாவதி ஆயிடும், மார்ச் முடிஞ்சா ஒதுக்குன பணம் திரும்பி போயிடும், மறுபடி மொதல்ல இருந்து. ரெண்டு வருஷத்துக்கு மேல இழுத்துச்சு. அந்த ரெண்டு வருஷமும் புள்ளைங்க என்ன பண்ணுச்சுங்க, சீனியர் ரெக்கார்டு நோட்ட பாத்து ரீடிங்க எழுதுச்சுங்க. அந்த நோட்டுல எவனோ ஒருத்தன் 1240ஐ 1420ன்னு மாத்தி எழுதிட்டான்போல, 420 வோல்ட் பக்கத்துல. ரெண்டு பேட்ச்சு, எல்லா கிராஃப்லயும் அதே எடத்துல ஒரு மேடு. வைவால வெளி எக்ஸாமினர் அந்த மேட்ட வெரல வெச்சு தடவி பாத்தாரு, என்ன பாத்தாரு, சிரிச்சாரு, கையெழுத்து போட்டாரு.

நான் அன்னைக்கு நெனச்சதுதான் இன்னைக்கும், அவங்களுக்கும் நமக்கும் வித்தியாசம் பணத்தோட அளவுல பாதிதான், மீதி பாதி அது நிக்காம வர்றதுல இருக்கு. அங்க ஒரு டியூப் போனா அடுத்த வாரம் டியூப் வரும். மூணு வருஷ சராசரின்னு மேல சொன்னேனே, அது அந்த நிக்காம வர்றதுக்குத்தான்.

கடைசியா ஒண்ணு, அந்த ஊர்ல நம்ம பர்மா நூடுல்ஸ் அத்தோ கெடைக்குமா? — அதே வியாசர்பாடி அம்மாவோட பொண்ணு, தனி லெட்டர்ல

அம்மாவுக்கு தெரியாம எழுதிருக்கியாம்மா, சரி. அத்தோ கெடைக்காது, வாழத்தண்டு சூப்பும் கெடைக்காது. வறுத்த பூண்டும் வெங்காயமும் பொட்டலம் கட்டி எடுத்துட்டு போ, நூடுல்ஸ் அங்க வாங்கிக்கலாம், புளித்தண்ணிக்கு புளி இங்க இருந்து. பாரிஸ் கார்னர்ல கோட்டு வாங்கி காச வேஸ்ட் பண்ணாத, அது ஊட்டிக்குத்தான் காணும், அங்க போய் செகண்ட் ஹாண்ட் கடைல வாங்கு. ஊரு நடுவுலயே ஏரி, குளிர் காலத்துல ஒறஞ்சு போயி ஜனங்க மேலயே நடந்து போவாங்களாம், லேப் அந்த ஏரிய ஒட்டுன கேம்பஸ்லதான் இருக்கு. மொத ராத்திரி ஷிஃப்ட்டு முடிஞ்சதும் மிஷின் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, இந்த பக்கத்துல போடறேன். ஒப்பந்தத்துல தேதி பாத்தியா?